கோல்டு ரூம் எங்கே, லைன் எப்படி: செலவும் நேரமும் முட்டிக்கொள்ளும்போது கணக்குப் போடுவது

இட்லி மாவு பாக்கெட் கடைக்கு எட்டு மணிக்கு வந்து இறங்கினால் அன்றைக்குக் காலை வியாபாரம் போனது போனதுதான். டிபனுக்கு மாவு தேடி வருகிறவர்கள் அதற்குள் பக்கத்துக் கடையில் வேறு கம்பெனி பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அதனால் மாவு மில் ஓரளவு வளர்ந்ததும் எல்லா முதலாளிகளும் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: வெளியூரில் இன்னொரு கோல்டு ரூம் (சரக்கு வைக்கும் குளிர்பதன அறை) போடலாமா, போட்டால் எங்கே, எந்த வண்டி எந்தக் கடைகளுக்கு எந்த வரிசையில் போவது என்ற லைனை எப்படிப் போடுவது?

செலவு குறைய வேண்டும் என்கிறார் முதலாளி. சரக்கு சீக்கிரம் போக வேண்டும் என்கிறார் சேல்ஸ்மேன். நம்ம லைன் மட்டும் ஏன் இவ்வளவு நீளம் என்கிறார் டிரைவர். மூன்றும் நியாயம்தான், ஆனால் மூன்றும் ஒன்றாக நடக்காது. இந்தக் கணக்கை முதல் தடவையாகக் கையில் எடுப்பவருக்காக இதை எழுதுகிறேன். மாவுக்குப் பதிலாக பால், ரொட்டி, மருந்து, தண்ணீர் கேன் என்று எதை வைத்துப் பார்த்தாலும் முறை ஒன்றுதான்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணம். கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மாவு மில். மொத்தம் 90 கடைகள்: கோவை நகரில் 40, திருப்பூரில் 25, பொள்ளாச்சியில் 15, சூலூர் பல்லடம் வழியில் 10. ஊர்களும் சாலைகளும் நிஜம். கடை எண்ணிக்கை, வாடகை, நேரம் எல்லாம் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் ஊருக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தையும் லைனையும் பிரித்துப் பார்க்காதீர்கள்

இங்கே எடுக்க வேண்டிய முடிவுகள் இரண்டு. இரண்டுக்கும் ஆயுள் வேறு. கோல்டு ரூம் என்றால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும், பேனல் அடிக்க வேண்டும், கம்ப்ரஸர் வாங்க வேண்டும், மும்முனை மின் இணைப்பு வாங்க வேண்டும். அப்புறம் நான்கைந்து வருஷத்துக்கு அசைக்க முடியாது. லைன் அப்படியில்லை, நேற்றைய ஆர்டரைப் பார்த்து இன்றைக்கே மாற்றிவிடலாம். ஆயுள் வேறு என்பதால் பலரும் முதலில் இடத்தை முடிவு செய்துவிட்டு, லைனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். தப்பு ஆரம்பிப்பது அங்கேதான்.

ஏன் என்று பார்ப்போம். இடம் தேடுபவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு, உத்தேச இடத்திலிருந்து ஒவ்வொரு கடைக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதிக் கூட்டுவது. பல்லடத்திலிருந்து திருப்பூர் சுமார் 15 கி.மீ. போக வர 30. திருப்பூரில் 25 கடைகள் என்றால் 750 கி.மீ. என்று தாளில் வரும். அதைப் பார்த்ததும் பல்லடத்தை அடித்துவிட்டுத் திருப்பூரிலேயே இடம் தேடத் தோன்றும். ஆனால் நிஜத்தில் ஒரு கடைக்கு ஒரு தடவை என்று யாரும் போய்வருவதில்லை. ஒரு குட்டி யானை 25 கடைக்கான கிரேட்டுகளையும் (பாக்கெட் அடுக்கும் பெட்டிகள்) ஏற்றிக்கொண்டு ஒரே தடவை அந்த 15 கிலோமீட்டரைக் கடக்கிறது. போக வர 30 கி.மீ., இரண்டு வண்டி விட்டால் 60. ஊருக்கும் குடோனுக்கும் நடுவிலுள்ள தூரத்துக்கு வண்டிக்கு ஒரு தடவைதான் காசு, கடைக்கு ஒரு தடவை அல்ல. 750 எங்கே, 60 எங்கே?

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. வண்டிகளுக்கு ரூட் போடும் கணக்கை ஜார்ஜ் டான்ட்ஸிக், ஜான் ராம்ஸர் இருவரும் 1959ல் எழுதி வைத்தார்கள். ஒரு பெட்ரோல் முனையத்திலிருந்து பங்க்குகளுக்கு டேங்கர் லாரி அனுப்புவதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட வேலை. அதில் முனையம் எங்கே என்பது ஏற்கெனவே தெரியும். ரூட்டைக் கணக்கில் எடுக்காமல் குடோன் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் முடிவு கோணலாகும் என்று சால்ஹி, ராண்ட் என்ற இருவர் 1989ல் எண்களோடு காட்டினார்கள். இவ்வளவு வருஷம் கழித்தும் குடோன் பார்க்கப் போகிறவர்கள் வரைபடத்தில் வட்டம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேட்டே ஆக வேண்டிய இன்னொரு கேள்வி: இப்போதிருக்கும் குடோன் ஏன் அங்கே இருக்கிறது? 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன் பல கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்திருந்ததற்குக் காரணம் தூரம் இல்லை, மத்திய விற்பனை வரி. மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் வரி, சொந்தக் குடோனுக்கு மாற்றினால் அந்த வரி இல்லை. காரணம் போன பிறகும் கட்டடம் அங்கேயே நிற்கும். சின்ன வியாபாரத்தில் இதே கதை ‘மாமா இடம், வாடகை கம்மி’ என்ற ரூபத்தில் வரும். பழைய இடமும் பட்டியலில் ஒரு வேட்பாளர்தான், அதற்குத் தனிச் சலுகை வேண்டாம்.

இலக்குகளை எண்ணாக மாற்றுங்கள்

முதலாளி, சேல்ஸ்மேன், டிரைவர், இரண்டு மூன்று கடைக்காரர்கள் என்று எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால் முதலாளி சொல்வதற்குத்தான் எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர்கள் சொல்வதை அளக்கக்கூடிய எண்ணாக எழுத வேண்டும். இதுதான் தோன்றுவதைவிடக் கஷ்டம்.

‘சீக்கிரம் போகணும்’ என்றால் என்ன? கடைசிக் கடைக்குச் சரக்கு இறங்கும் நேரமா, எல்லாக் கடைகளின் சராசரியா, ஏழு மணிக்கு மேல் சரக்கு வாங்கும் கடைகளின் எண்ணிக்கையா? மூன்றுக்கும் மூன்று விடை வரும். கடைசிக் கடையின் நேரத்தை எடுத்தால், பொள்ளாச்சி தாண்டி ஆனைமலையில் தனியாக நிற்கும் ஒரு கடை மொத்தத் திட்டத்தையும் மோசமாகக் காட்டிவிடும். சராசரியை எடுத்தால், கோவை நகரில் கிடைக்கும் நல்ல நேரம் அந்த ஆனைமலைக் கடையை மறைத்துவிடும். எனக்குப் பிடித்தது எண்ணிக்கைதான். கடைக்காரர் சண்டை போடுவது சராசரிக்காக இல்லை. இந்தக் கட்டுரையில் எளிமைக்காகக் கடைசிக் கடை நேரத்தை வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து, இலக்குகள் நிஜமாகவே முட்டிக்கொள்கின்றனவா என்று பாருங்கள். ஓடும் தூரம், டீசல், புகை என்று மூன்று இலக்குகளை எழுதிக்கொண்டு வருவார்கள். வண்டி ஒரே ரகம் என்றால் மூன்றும் ஒரே திசையில்தான் நகரும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு. தூரம் குறைந்தால் டீசல் குறையும், புகையும் குறையும், அதற்குத் தனியாக ஒரு பத்தி தேவையில்லை. மின்சார வண்டியா டீசல் வண்டியா என்ற கேள்வி வரும்போதுதான் புகை தனி இலக்காகிறது. அப்போது சார்ஜ் ஏறும் நேரம் லோடு ஏற்றும் நேரத்தோடு மோதும். எங்கள் உதாரணத்தில் நிஜமாக முட்டிக்கொள்வது மாதச் செலவும் கடைசிக் கடை நேரமும். மூன்றாவதாக ஓரத்தில் நிற்பது, டிரைவர்களுக்குள் வேலைப் பங்கீடு.

வேலைப் பங்கீட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. மிக நீண்ட லைனுக்கும் மிகக் குறுகிய லைனுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கச் சொன்னால், லைன் போடும் மென்பொருள் நீண்ட லைனைத் தொடாது. சீக்கிரம் முடிகிற டிரைவரைச் சும்மா சுற்றவிட்டு அவர் நேரத்தை நீட்டும். தாளில் சமத்துவம் வந்துவிடும், டீசல் வீணாகும், யாருக்கும் ஒரு நிமிஷம்கூட மிச்சமாகாது. அதனால் வித்தியாசத்தை அளக்காதீர்கள். எந்த லைனும் இத்தனை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று மேல் வரம்பு மட்டும் போடுங்கள்.

தரவு: நடு ராத்திரியில் எடுக்க வேண்டியது

கடைகளின் இருப்பிடத்தைக் கைபேசியில் குத்தி எடுங்கள். பில்லில் இருக்கும் முகவரியை நம்பினால் ஒரே தெருவில் ஐந்து கடை விழும்.

சாலை நேரம் அதிகாலை நேரமாக இருக்க வேண்டும். காலை பத்து மணிக்கு வரைபடத்தைத் திறந்து பார்த்தால், திருச்சி ரோட்டில் சிங்காநல்லூரைத் தாண்டும் நேரமே உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும். நாலு மணிக்கு அந்தச் சாலை வேறு. ஒவ்வொரு லைனிலும் ஒரு தடவை வண்டியில் உட்கார்ந்து போய்விட்டு வாருங்கள்.

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது கடையில் நிற்கும் நேரத்தை. வண்டியை ஓரங்கட்டி, கிரேட்டை இறக்கி, பழைய ரிட்டர்ன் பாக்கெட்டை எண்ணி எடுத்து, காலி கிரேட்டை ஏற்றி, காசோ கையெழுத்தோ வாங்கி, அடுத்த கடைக்குக் கிளம்ப வேண்டும். ஆறு நிமிஷம் என்றால் 25 கடைக்கு இரண்டரை மணி நேரம். பல்லடத்திலிருந்து திருப்பூர் ஓடுவதற்கு அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. ரிட்டர்ன் எண்ணுவதை மதிய நேரத்துக்கு மாற்றினால் புதிய கோல்டு ரூமே தேவைப்படாத மில்களும் உண்டு. காசு செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள்.

எடைக்கும் ஒரு வார்த்தை. மாவு கனமான சரக்கு. குட்டி யானையில் இடம் மிச்சமிருக்கும்போதே எடை வரம்பு வந்துவிடும். அது ஏற்றக்கூடிய பளு ஏறக்குறைய 750 கிலோ, அதில் ஐஸ் பாக்ஸ், கிரேட், ஆள் எல்லாம் போக மாவுக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். கடை ஷட்டர் திறக்கும் நேரமும் வேண்டும். ஐந்தரைக்குத் திறக்கும் கடைக்கு நாலரைக்குப் போய் நின்று புண்ணியமில்லை.

இடங்களைச் சலித்தெடுங்கள்

இது சீக்கிரம் முடிந்துவிடும். மும்முனை மின்சாரம் கிடைக்காத இடம், பெரிய வண்டி திரும்ப முடியாத சந்து, ராத்திரி இரண்டு மணிக்கு லோடு ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரும் தெரு, மழையில் தண்ணீர் நிற்கும் பள்ளம் என்று எல்லாவற்றையும் முதலிலேயே அடித்துவிடுங்கள். இவை பேரம் பேசும் இலக்குகள் இல்லை, கட்டாயங்கள். மிஞ்சியவை பல்லடம், திருப்பூர், பொள்ளாச்சி என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று இடங்களில் ஒவ்வொன்றும் திறந்தோ மூடியோ இருக்கலாம் என்றால் எட்டுச் சேர்க்கைகள். எட்டையும் ஒன்று விடாமல் கணக்குப் போட்டுவிடலாம். பத்து இடமானால் 1,024. அதையும் கணினி ஓர் இரவில் போட்டுவிடும்.

ஒவ்வொரு சேர்க்கைக்கும் லைன் போட்டுப் பாருங்கள்

செலவுக் கணக்கு இப்படி: ஒரு லைன் வண்டிக்கு டிரைவர் சம்பளம், பேட்டா, தவணை, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து மாதம் ரூ.30,000. ஓடும் கிலோமீட்டருக்கு ரூ.10. மில்லிலிருந்து கோல்டு ரூமுக்கு ராத்திரி சரக்கு மாற்றும் பெரிய வண்டிக்குக் கிலோமீட்டருக்கு ரூ.18. மாதம் 30 நாள்.

பல்லடத்துக்கு மட்டும் விரித்துக் காட்டுகிறேன். கோல்டு ரூம் வாடகை, மின்சாரம், ஓர் ஆள் எல்லாம் 56,000. சரக்கு மாற்றப் போக வர 60 கி.மீ., மாதம் 32,400. லைன் வண்டி ஐந்திலிருந்து நான்காகிறது, 1,20,000. நான்கும் சேர்ந்து நாளைக்கு 280 கி.மீ., மாதம் 84,000. மொத்தம் 2,92,400. இதே மாதிரி மற்றவற்றையும் போட்டால், பேச வேண்டியவை ஆறு:

இப்போதுள்ளபடி, மில் மட்டும், 5 வண்டி: ரூ.2,82,000, கடைசிக் கடை 8.10
மில் மட்டும், 6 வண்டி: ரூ.3,39,000, கடைசிக் கடை 7.30
திருப்பூர் கோல்டு ரூம், 4 வண்டி: ரூ.3,11,600, கடைசிக் கடை 7.25
பல்லடம் கோல்டு ரூம், 4 வண்டி: ரூ.2,92,400, கடைசிக் கடை 7.20
பல்லடம் கோல்டு ரூம், 5 வண்டி: ரூ.3,34,400, கடைசிக் கடை 7.00
திருப்பூர், பொள்ளாச்சி இரண்டிலும், 4 வண்டி: ரூ.3,79,800, கடைசிக் கடை 6.35

இப்போது 8.10 ஆவதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை. ஐந்து வண்டிகளும் மில்லில் ஒரே ஷட்டரில் லோடு ஏற்றுகின்றன. கடைசி வண்டி கிளம்பும்போதே 4.40 ஆகிவிடுகிறது. ஆறாவது வண்டி வாங்கினால் அதுவும் அதே வரிசையில்தான் நிற்கும். பல்லடத்தில் ஒரு கோல்டு ரூம் வந்தால் வரிசை இரண்டாகப் பிரியும். இது வரைபடத்தில் தெரியாது, மில் வாசலில் நின்றால்தான் தெரியும்.

தோற்றதைத் தூக்கிப் போடுங்கள்

ஆறாவது வண்டி வாங்கும் யோசனையைப் பாருங்கள். பல்லடத்தைவிடச் செலவும் அதிகம், நேரமும் தாமதம். திருப்பூர் கோல்டு ரூமும் அப்படியே: ரூ.19,200 கூடுதல் கொடுத்து ஐந்து நிமிஷம் லேட்டாகப் போகிறோம். எந்த இலக்கை யார் எவ்வளவு முக்கியம் என்று நினைத்தாலும் இவை இரண்டையும் தேர்ந்தெடுக்க நியாயமே இல்லை. அடித்துவிடலாம். கடை அதிகம் இருக்கும் ஊரில்தான் குடோன் என்ற எண்ணம் இதோடு முடிந்தது.

மிஞ்சியவை நான்கு. இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். இந்த மாதிரி மிஞ்சும் கூட்டத்துக்கு இத்தாலியப் பொருளியலாளர் வில்ஃபிரடோ பரேட்டோவின் பெயரை வைத்திருக்கிறார்கள், பரேட்டோ எல்லை என்பார்கள். பெயர் எதுவானாலும் வேலை இதுதான்: கணக்குப் போடுகிறவரின் பொறுப்பு இந்த நான்கைக் கண்டுபிடித்துக் கொடுப்பது வரை. நான்கில் எது என்பதைப் பணம் போடுகிறவர் சொல்ல வேண்டும்.

எடை போட்டுக் கூட்டாதீர்கள், வரம்பு போடுங்கள்

புதியவர்கள் எல்லோரும் முதலில் செய்வது, ‘செலவுக்கு 60 சதவீதம், நேரத்துக்கு 40 சதவீதம்’ என்று எடை கொடுத்து இரண்டையும் கூட்டி, குறைந்த மதிப்பெண் வாங்கியதை எடுப்பது. இதில் இரண்டு கோளாறு. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: ஒன்று லட்சங்களில் ரூபாய், இன்னொன்று நிமிஷம். அப்படியே கூட்டினால் நிமிஷம் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அளவுகளைச் சமன் செய்து இதைச் சரிக்கட்டலாம்.

இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. ‘பல்லடம், 5 வண்டி’ என்ற வழியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷம் சீக்கிரம் போவதற்கு மாதம் இத்தனை ரூபாய் மதிப்பு என்று எடை வைப்போம். பல்லடம் நான்கு வண்டியை ஐந்து வண்டி ஜெயிக்க வேண்டுமானால், 20 நிமிஷத்துக்கு ரூ.42,000 கூடுதல், அதாவது நிமிஷத்தின் மதிப்பு ரூ.2,100க்கு மேல் இருக்க வேண்டும். இரண்டு கோல்டு ரூம் வழியை அது ஜெயிக்க வேண்டுமானால், அங்கே 25 நிமிஷத்துக்கு ரூ.45,400 கூடுதல், நிமிஷத்தின் மதிப்பு ரூ.1,816க்குக் கீழே இருக்க வேண்டும். 2,100க்கு மேலும் 1,816க்குக் கீழும் ஒரே நேரத்தில் இருக்கும் எண் ஏது? நீங்கள் எந்த எடை வைத்தாலும் இந்த வழி வெளியே வரவே வராது. ஆனால் ‘ஏழு மணிக்குள் வேண்டும், இரண்டு இடத்தில் அட்வான்ஸ் போட என்னிடம் பணம் இல்லை’ என்று முதலாளி சொன்னால் அவருக்கு ஏற்றது இதுதான்.

இதற்கு மாற்று எளிது. ஓர் இலக்கை மட்டும் ரூபாயில் வைத்துக் குறைக்கச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் வரம்பாக மாற்றுங்கள். கடைசிக் கடை 8.00க்குள், எந்த லைனும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இதற்குள் குறைந்த செலவு எது? விடையை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் வரம்பை 7.50, 7.40 என்று பத்துப் பத்து நிமிஷமாக இறுக்கி ஒவ்வொரு தடவையும் திரும்பக் கணக்கிடுங்கள். வரம்பு 7.00 வரும்போது அந்த ஐந்து வண்டி வழி தானாக எழுந்து நிற்கும். 6.30க்கு வரும்போது வழியே இல்லை என்று விடை வரும். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

இன்னொரு நன்மை: ‘நேரத்துக்கு எத்தனை சதவீத முக்கியத்துவம் கொடுக்கிறீர்கள்?’ என்று கேட்டால் எந்த முதலாளியும் உருப்படியான பதில் சொல்ல மாட்டார். ‘கடைசிக் கடைக்கு எத்தனை மணிக்குள் போகணும்?’ என்று கேட்டால் உடனே சொல்வார்.

மென்பொருள்

பத்துப் பதினைந்து கடை என்றால் கையாலேயே போட்டுவிடலாம் என்று தோன்றும். 15 கடைகளை வரிசைப்படுத்தும் விதங்கள் 1.3 லட்சம் கோடிக்கு மேல். கை போடும் லைன் பெரும்பாலும் மோசமாக இருக்காது. ஆனால் எட்டுச் சேர்க்கைகளுக்கும் ஒரே கவனத்தோடு கை போடாது. பிடித்த இடத்துக்கு நல்ல லைன், பிடிக்காத இடத்துக்கு ஏனோதானோ லைன் என்று ஆகிவிடும். அதற்காகவாவது மென்பொருள் வேண்டும்.

காசில்லாமல் கிடைப்பவை போதும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் தரவை வைத்துச் சாலைத் தூரமும் நேரமும் கொடுக்க ஓஎஸ்ஆர்எம் இருக்கிறது. லைன் போட கூகுளின் ஓஆர்-டூல்ஸ் அல்லது வ்ரூம். இரண்டிலும் எடை வரம்பு, கடை திறக்கும் நேரம், நிற்கும் நேரம், பல குடோன்கள் எல்லாம் கொடுக்கலாம். முதலாவதற்குக் கொஞ்சம் பைத்தான் என்ற நிரல்மொழி தெரிய வேண்டும். இடங்களும் இலக்குகளும் நிறைய ஆகி, ஒவ்வொரு சேர்க்கையாகப் போட முடியாமல் போனால், பரேட்டோ எல்லையை மொத்தமாகத் தேடும் பரிணாம வழிமுறைகளுக்குப் போகலாம். அவற்றில் அதிகம் புழங்கும் என்எஸ்ஜிஏ-2 ஐஐடி கான்பூரில் கல்யாண்மய் தேவும் அவர் குழுவும் உருவாக்கியது, 2002ல் வெளிவந்தது. ஒரு மாவு மில்லுக்கு அது தேவைப்படாது.

எல்லாச் சேர்க்கைக்கும் ஒரே அளவு நேரம் கொடுத்து ஓட்டுங்கள். இந்த மென்பொருள்கள் தருவது நல்ல விடை, ஆகச்சிறந்த விடை என்ற உத்தரவாதம் இல்லை. ஒரே கணக்கை இரண்டு அமைப்பில் ஓட்டினால் ஒன்றிரண்டு சதவீதம் மாறலாம். அதனால் இரண்டு இடங்களுக்கு நடுவே மூவாயிரம் ரூபாய்தான் வித்தியாசம் என்றால் அதை வித்தியாசமாகவே எடுக்காதீர்கள். வீட்டு உரிமையாளர் யார், தெரு எப்படி என்று வேறு விஷயங்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கெட்ட நாளில் என்ன ஆகும்

இதுவரை போட்டது ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமைக் கணக்கு. கோல்டு ரூம் நான்கைந்து வருஷம் இருக்கப் போகிறது. ஞாயிறு அதிகாலை லோடு, முகூர்த்த நாள் லோடு, மழை நாள் என்று நாலைந்து வகை நாட்களின் ஆர்டரை எடுத்து, ஒவ்வொரு இடத்தையும் எல்லா நாட்களிலும் ஓட்டிப் பாருங்கள். இடம் மாறக் கூடாது, லைன் மட்டும் நாளுக்கு நாள் மாறலாம்.

அப்புறம் ஒரு வண்டியைப் படுக்க வைத்துப் பாருங்கள். பல்லடம் நான்கு வண்டி வழியில் திருப்பூரின் 25 கடைகளும் ஒரே வண்டியில். அது பல்லடம் திருப்பூர் ரோட்டில் பஞ்சர் ஆகி நின்றால் அன்றைக்கு ஓர் ஊரே போச்சு. ஐந்து வண்டி வழியில் பாதி ஊர்தான் போகும். செலவுப் பத்தியிலும் நேரப் பத்தியிலும் இது தெரியவே தெரியாது. மாற்று வண்டி வாடகைக்குக் கிடைக்கும் ஊரா என்று விசாரித்து வையுங்கள்.

டீசலையும் ஏற்றிப் பாருங்கள். கிலோமீட்டர் செலவு 20 சதவீதம் ஏறினால், இப்போதுள்ளபடி இருப்பதற்கு ரூ.3,08,400, பல்லடம் நான்கு வண்டிக்கு ரூ.3,15,680. ரூ.10,400 ஆக இருந்த வித்தியாசம் ரூ.7,280 ஆகக் குறைகிறது. டீசல் ஏற ஏற பல்லடம் நியாயமாகிக்கொண்டே போகிறது. வாடகை ஏறினால் எதிர்த்திசை.

முதலாளியிடம் எப்படி வைப்பது

நான்கு வழிகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். தோற்ற இரண்டையும் பின்பக்கத்தில் வையுங்கள், ‘ஏன் இன்னொரு வண்டி வாங்கக் கூடாது?’ என்று கட்டாயம் கேட்பார்கள்.

நிமிஷக் கணக்கை மாவுப் பாக்கெட் கணக்காக மாற்றிக் கொடுத்தால் பேச்சு சீக்கிரம் முடியும். இப்போதுள்ளதிலிருந்து பல்லடத்துக்குப் போக மாதம் ரூ.10,400, நாளைக்கு ஏறக்குறைய ரூ.347. பாக்கெட்டுக்கு எட்டு ரூபாய் நிற்கும் என்றால், நாளைக்கு 44 பாக்கெட் கூடுதலாக விற்றால் சரியாகிவிடும். 90 கடையில் கடைக்கு அரைப் பாக்கெட். 50 நிமிஷம் முன்னால் சரக்கு இறங்கினால் இது நடக்குமா? சேல்ஸ்மேன் அங்கேயே பதில் சொல்வார். அடுத்த படி, ஐந்தாவது வண்டியை வைத்துக்கொள்வது: நாளைக்கு ரூ.1,400, அதாவது 175 பாக்கெட், கடைக்கு ஏறக்குறைய இரண்டு. இங்கே சேல்ஸ்மேன் கொஞ்சம் யோசிப்பார். யோசிக்கட்டும். என்னைக் கேட்டால் முதல் படிக்குத் தயங்க வேண்டியதில்லை. இரண்டாவது படியை ஆறு மாதம் கழித்து எடுக்கலாம், ஏனென்றால் வண்டியை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், இடத்தை அப்படி மாற்ற முடியாது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு ஒத்திகை செய்துவிடுங்கள். குளிரூட்டும் பெட்டி வைத்த வண்டி ஒன்றை இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்துப் பல்லடத்தில் நிறுத்தி, அதையே கோல்டு ரூமாக வைத்து லைன் விடலாம். ட்ரிப் ஷீட்டில் ஒவ்வொரு கடைக்கும் போய்ச் சேர்ந்த நேரம், கிளம்பிய நேரம் இரண்டையும் டிரைவர் எழுத வேண்டும். இரண்டு வாரம் முடிந்ததும் நீங்கள் வைத்திருந்த ஆறு நிமிஷத்தை எடுத்துவிட்டு நிஜ நேரத்தைப் போட்டு எல்லாச் சேர்க்கையையும் திரும்ப ஓட்டுங்கள். கடைசிக் கடை நேரம் 7.20க்கு வராமல் 7.45ல் நின்றால், லைனைத் திருத்துவதற்கு முன் லோடு ஏற்றும் வரிசையைப் பாருங்கள். முதல் கடையின் கிரேட் வண்டியின் அடியில் மாட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு கடையிலும் இரண்டு நிமிஷம் அதிலேயே போகும். கடைசியில் இறங்க வேண்டியதை முதலில் ஏற்றச் சொல்லி லோடுமேனிடம் லைன் வரிசையைத் தலைகீழாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.